முதல் சர்வீஸ் மரியாதை

"அண்ணே, அந்தாளும் நானும் வலைக்கு முன்னால ஒரே நேரத்துல நின்னது இன்னைக்கு ஒரே ஒரு தடவ. எண்ணிட்டேன்."

அருஞ்சுனை இதைச் சொன்னது திருச்சுழியிலிருந்து திரும்பும் சாயங்கால பஸ்ஸில். அறுபத்தொன்பதாம் வருஷத்துச் சித்திரைப் போட்டி. ரெட்டியபட்டி வாலிபால் அணி இறுதி ஆட்டத்தில் அருப்புக்கோட்டை ஜின்னிங் மில் அணியிடம் தோற்றுவிட்டு வந்துகொண்டிருந்தது. பதினைந்துக்கு எட்டு, பதினைந்துக்கு ஆறு. மற்றவர்கள் சீட்டில் சாய்ந்து கிடந்தார்கள். அருஞ்சுனை மட்டும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தான். அவன், நிலத்துக்கு எரு சேர ஊர் ஊராக ஆட்டுக் கிடை போடும் கீதாரியின் மகன். நூற்றுப் பத்து ஆட்டைக் காலையிலும் மாலையிலும் எண்ணிப் பழகியவனுக்கு எதையும் எண்ணாமல் விட முடியாது.

அணித் தலைவன் சங்கரலிங்கம் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். "ரெண்டு செட்டுலயும் சேத்தா?"

"ரெண்டுலயும் சேத்துத்தான். ஆளைத் தடுக்கத்தான என்னையக் கூட்டியாந்தீக? ஆளே முன்னால வரலையே."

சங்கரலிங்கத்துக்கு அது மண்டைக்குள் முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் கணக்குப்படி அப்படி நடக்கவே கூடாது.

வாலிபாலில் ஓர் அணிக்கு ஆறு பேர். வலையை ஒட்டி முன்வரிசையில் மூன்று பேர், பின்வரிசையில் மூன்று பேர். எம்பி அடிப்பதும் தடுப்பதும் முன்வரிசைக்காரர் வேலை. பின்வரிசை ஆள் முன்னால் ஓடிவந்து அடிக்கக் கூடாது. பின்வரிசையின் வலது மூலையில் நிற்பவர் சர்வீஸ் போடுவார். எதிரணி போடும் சர்வீஸை முறித்தால் சர்வீஸ் நம் கைக்கு வரும். அப்படி வரும்போதெல்லாம் ஆறு பேரும் கடிகார முள் சுற்றுகிற திசையில் ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்துகொள்ள வேண்டும். அதனால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனும் பாதி நேரம் முன்னால் நிற்பான், பாதி நேரம் பின்னால் நிற்பான்.

மில் அணியில் எம்பி அடிக்கிற காளிராஜும் பாதி நேரம் முன்னால். அருஞ்சுனையும் பாதி நேரம் முன்னால். அப்படியானால் காளிராஜ் முன்னால் வரும் நேரத்தில் பாதியாவது அருஞ்சுனை எதிரே இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை எப்படி?

"நேரம் சரியில்ல, அம்புட்டுத்தான்" என்றான் ராஜகுரு, ஜன்னல் பக்கமிருந்து.

காளிராஜ் விஷயத்தில் எதையும் நேரத்தின் மேல் போட்டுவிட்டுச் சங்கரலிங்கத்தால் தூங்க முடியாது.

காளிராஜ் வேறு யாருமில்லை, சங்கரலிங்கத்தின் மச்சான். மனைவி முத்துத்தாயின் உடன்பிறந்த அண்ணன். அதே ரெட்டியபட்டிக்காரன். போன வருஷம் பங்குனிவரை இந்த அணியின் ஷூட்டரே அவன்தான். சங்கரலிங்கம் லிப்டர். பந்தை வலைக்கு மேல் ஒரு முழம் தூக்கி வைப்பான். காளிராஜ் எம்பி அடிப்பான். எதிரணிக்குத் தூசிதான் தெரியும். அந்த மைதானத்தைக் கரிசலில் உருட்டுக்கல் இழுத்துச் சமப்படுத்தியவர்களும் அவர்கள் இருவர்தான்.

ஜின்னிங் மில் முதலாளி காசிராஜனுக்குத் தன் மில் பேரில் ஒரு கோப்பை வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்களை வளர்க்கிற பொறுமை அவருக்கு இல்லை. வளர்ந்த இடத்தில் எடுத்துக்கொண்டார். காலையில் வந்து கையெழுத்துப் போட்டால் போதும், மற்ற நேரம் பந்து விளையாடலாம் என்று காளிராஜுக்கு ஒரு மில் வேலை. அவன் தனியாகப் போகவில்லை. அணியிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். போட்டிக்கு இருபது நாள் இருக்கும்போது ஆறு பேரில் மூன்று பேர் இல்லை.

அதையாவது பொறுத்திருப்பான். அதே வாரத்தில் சங்கரலிங்கத்தின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தது. பிள்ளைக்கு ஒரு வயது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அய்யனார் கோயில் வாசலில் பந்தல் போட்டு, பத்தர் ஊசியோடு உட்கார்ந்திருக்க, உச்சிவரை காத்திருந்தார்கள். காளிராஜ் வரவில்லை. மில் மைதானத்தில் பயிற்சி என்று ஆள் வந்து சொன்னது. முத்துத்தாய் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேற மடியில எம்புள்ளைக்குக் காது குத்த வேண்டாம். ஒத்தப்பட வயசுலதான குத்தணும்? மூணாம் வயசுல குத்திக்கிருவோம். அதுக்குள்ள அவரை இதே மடிக்கு வரவைங்க. செயிச்ச மிதப்புல வரக் கூடாது. தோத்துட்டு வரணும்."

அதற்கு மறுமாதம் திருச்சுழி பொட்டலில் நடந்ததுதான் இன்னும் மோசம். ரெட்டியபட்டி அணியில் மூன்று பேர் புதிது, பந்தைத் தொட்டே பழக்கமில்லாதவர்கள். ஆட்டம் தொடங்கும் முன் காசிராஜன் மைக்கை வாங்கினார். இரண்டாயிரம் பேர் கூடியிருந்த கூட்டம்.

"ரெட்டியபட்டிக்கு ஆள் பத்தலைன்னு கேள்விப்பட்டோம். பரவாயில்ல. நம்ம மில்லுல லோடு தூக்குற மூணு பேர் சும்மாதான் நிக்கிறாக. இன்னைக்கு ஒரு நாளைக்கு இரவலாத் தர்றோம்!"

கூட்டம் சிரித்தது. சொந்த ஊர்க்காரர்களே சிலர் சிரித்ததைச் சங்கரலிங்கம் பார்த்தான். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற காளிராஜ் சிரிப்போடு சிரிப்பாகச் சொன்னான்:

"மாப்ள, தங்கச்சியக் கூட்டியாந்திருக்கலாம்ல? ஒரு ஆளாவது கூடியிருக்கும்."

பதினைந்துக்கு இரண்டு, பதினைந்துக்கு ஒன்று. அன்று அப்படி முடிந்தது.

அடுத்த ஒரு வருஷம் சங்கரலிங்கம் ஆள் தேடினான். தேடிய விதம் ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. பந்து விளையாடத் தெரிந்தவனை அவன் தேடவில்லை. தெரிந்தவனைக் காசிராஜன் மறுபடியும் கொண்டுபோவார். எந்த வேலை எந்த உடம்பை உண்டாக்கியிருக்கிறது என்று பார்த்தான்.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் சுப்புராஜ், பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்போதும் கம்பியைப் பிடிக்காமல் முழங்காலை மடக்கி நின்றே டிக்கெட் கிழிப்பான். தாழ்ந்து வரும் பந்தை எடுக்க அந்த முழங்கால்தான் வேண்டும். கிணறு வெட்டும் இருளப்பசாமிக்கு மண்கூடையை ஏந்தி ஏந்தி முன்னங்கை பலகையாகியிருந்தது. எவ்வளவு வேகமாக வரும் பந்தும் அந்தக் கையில் பட்டால் அடங்கி மேலே எழும்பும். வைகாசியில் நரிக்குடிப் பக்கமிருந்து சங்கரலிங்கத்தின் புஞ்சைக்குக் கிடை போட ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். அதில் ஒருவன், தொரட்டிக் கம்பு எடுக்கச் சோம்பல்பட்டு, உடைமரத்துக் கொப்பை எம்பி எம்பிக் கையால் வளைத்து ஆட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். சங்கரலிங்கம் கொப்பின் உயரத்தை அளந்து பார்த்தான். வலையைவிட ஒன்றரை முழம் மேலே. அவன்தான் அருஞ்சுனை.

அடிக்க வருகிறவனுக்கு நேரே எம்பி, இரண்டு கையையும் வலைக்கு மேல் சுவராக நிறுத்த வேண்டும். அவனுக்கு அது ஒன்றைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். காளிராஜைத் தடுக்க ஒரு சுவர், அவ்வளவே. அதை வைத்துத்தான் அறுபத்தொன்பதில் இறுதி ஆட்டம்வரை ஏறினார்கள். காளிராஜிடம் வந்தபோது சுவர் எதிரே இல்லை.

அந்த ஒரே ஒரு தடவையைச் சங்கரலிங்கம் பத்து மாதம் சுமந்து திரிந்தான். பூவா தலையா போட்டதில் தப்பா? முதல் சர்வீஸ் யாருக்கு என்பதிலா? வெயில் எந்தப் பக்கம் என்பதிலா? ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தான். ஐப்பசி மழையில் கரிசல் காலைக் கவ்விக்கொண்டபோது மைதானத்தை விட்டுக் கல்பாவிய களத்துக்கு வலையை மாற்றினார்கள். அங்கே அருஞ்சுனை இன்னும் நாலு விரற்கடை உயரமாக எம்பினான். எம்பி என்ன செய்ய?

மார்கழியில் காசிராஜனின் ஆள் கிடைக்கே வந்துவிட்டது. அருஞ்சுனைக்கு மில் வேலை தருகிறாராம். அருஞ்சுனை வந்தவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"மில்லுக்குள்ள ஆடு விடுவாகளா?"

"மில்லுக்குள்ள எப்படிப்பா ஆடு விட?"

"அப்ப ஒங்க மொதலாளியக் கிடைக்கு வரச் சொல்லுங்க. குட்டி மேய்க்க ஒரு ஆள் தேவைப்படுது."

இதைக் கேட்டு ஊரே ஒரு வாரம் சிரித்தது. சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. சித்திரைக்கு மூன்றே மாதம் இருந்தது. மகளுக்கு மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம், வெடித்த பருத்தியை வீட்டுக்குள் கொட்டி முத்துத்தாய் தூசி பிரித்துக்கொண்டிருந்தாள். சங்கரலிங்கம் எதிரே உட்கார்ந்து, சாணி மெழுகிய தரையில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு கட்டம் போட்டான். நடுவில் ஒரு கோடு, வலை. இந்தப் பக்கம் ஆறு புளியங்கொட்டை. அந்தப் பக்கம் ஆறு பருத்திக்கொட்டை.

"இதுல எங்கண்ணன் யாரு?" என்றாள் முத்துத்தாய்.

"ஏதாச்சும் ஒண்ணு."

அவள் குவியலுக்குள் தேடி, பூச்சி விழுந்த சொத்தைக் கொட்டை ஒன்றை எடுத்து வைத்தாள். "இவருதான். அடையாளம் தெரியட்டும். ஆட்டுக்காரன் யாரு?"

வாசலில் கிடந்த ஆட்டுப் புழுக்கை ஒன்றை அவளே எடுத்துப் புளியங்கொட்டை ஒன்றுக்குப் பதிலாக வைத்தாள். சங்கரலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போன வருஷம் இறுதி ஆட்டம் தொடங்கியபோது நின்றபடியே வைத்தார்கள். புழுக்கை பின்வரிசையில் நடு. சொத்தைக் கொட்டை முன்வரிசையில் நடு.

"அவுக சர்வீஸ முறிச்சா நம்ம நகரணும். நம்ம சர்வீஸ முறிச்சா அவுக நகரணும். நீ அவுக பக்கம் நகத்து" என்றான்.

நகர்த்தினார்கள். அவள் ஒன்று, அவன் ஒன்று. சொத்தைக் கொட்டை முன்னால் வரும்போதெல்லாம் புழுக்கை பின்னால் போனது. புழுக்கை முன்னால் வந்தால் சொத்தை பின்னால் போய்விட்டது. ஒரு சுற்று முடிந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் இரண்டும் முன்னால் சேர்ந்தன. அங்கேயும் அடுத்த நகர்த்தலில் பிரிந்தன. மறு சுற்றும் அப்படியே. அருஞ்சுனை எண்ணியது சரி.

முத்துத்தாய் மூன்றாவது சுற்றில் கையை எடுத்துவிட்டாள்.

"நான் ஒரே சமயத்துல ரெண்டு எடம் நகத்தக் கூடாதா?"

"கூடாது. சர்வீஸு நம்ம கைக்கு வந்துட்டுத்தான் திரும்ப ஒங்கண்ணன் கைக்குப் போகணும். அதுனால அவுக ஒருக்கா, நம்ம ஒருக்கா. மாறி மாறித்தான்."

"அப்ப எத்தன சுத்துச் சுத்துனாலும் நான் எப்படி ஒங்களைத் தாண்டுவேன்? நீங்களும் என்னையத் தாண்ட மாட்டீகளே. எங்கண்ணன் மொதல்ல ஆட்டுக்காரனுக்கு எம்புட்டுத் தள்ளி நிக்கிறாரோ, அம்புட்டுத் தள்ளித்தான் கடைசி வரைக்கும் நிப்பாரு."

சங்கரலிங்கம் கட்டத்தைப் பார்த்தபடியே இருந்தான். பத்து மாதமாக ஆட்டத்தின் நடுவில் தேடிக்கொண்டிருந்தது ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே முடிந்துபோன விஷயம். இரண்டு அணியும் மாறி மாறி ஓர் இடம் நகர்வதால், ஓர் அடி முன்னே பின்னே ஆகுமே தவிர இடைவெளி மாறாது.

பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் அரையிறுதியில் காளிராஜ் சர்வீஸ் மூலையில் நின்று ஆட்டத்தைத் தொடங்கினான். இறுதி ஆட்டத்தில்தான் முன்வரிசை நடுவுக்கு மாறியிருந்தான்.

"தெரிஞ்சுதான் செஞ்சிருக்காரு" என்றான் சங்கரலிங்கம் மெதுவாக. "யார் எங்க நிக்கிறாகன்னு சீட்டுல எழுதி அம்பயரு கையில குடுக்குறோம். ஒருத்தர் சீட்ட ஒருத்தர் பாக்க முடியாது. அப்பறம் எப்படித் தெரிஞ்சது?"

"ஒங்க சீட்டு எதுக்கு?" என்றாள் முத்துத்தாய். "அய்யனார் கோயில்ல திருநீறு வாங்குற வரிசைதான ஒங்க வரிசை? அவரும் இந்த ஊர்க்காரர்தான?"

அவனுக்குக் காது சூடேறியது. உண்மைதான். அணி உண்டான நாள் முதல் அப்படித்தான் நின்றார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் யோசிக்கவுமில்லை. கோயிலில் முதல் திருநீறும் பரிவட்டமும் ராஜகுரு வீட்டுக்கு. அதனால் முதல் சர்வீஸ் ராஜகுருவுக்கு. இரண்டாம் மரியாதை சங்கரலிங்கம் வீட்டுக்கு. இரண்டாம் சர்வீஸ் அவனுக்கு. மூன்றாம் வீட்டுச் சீனிராஜுக்கு மூன்றாவது. அதற்குப் பின் மரியாதை இல்லாத வீடுகள்: சுப்புராஜ், இருளப்பசாமி. வெளியூர்க்காரன், கிடை போட வந்தவன், எல்லாருக்கும் கடைசி. சுற்றி வருகையில் சர்வீஸ் மூலைக்குக் கடைசியாக வந்து சேரும் ஆறாவது ஆள் தொடக்கத்தில் நிற்கும் இடம் பின்வரிசை நடு. புதிதாக ஒருவன் வந்து எம்புகிறான் என்று கேள்விப்பட்டதும், அவன் எங்கே நிற்பான் என்று மில்லில் உட்கார்ந்துகொண்டே காளிராஜ் சொல்லியிருப்பான்.

அந்தச் சீட்டைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது சங்கரலிங்கம்.

அவன் தன் பக்கத்து ஆறையும் மூன்று இடம் சுற்றி வைத்தான். வரிசை கலையவில்லை, தொடக்கம் மட்டும் மாறியது. ராஜகுருவுக்குப் பதில் கண்டக்டர் சுப்புராஜ் சர்வீஸ் மூலையில். புழுக்கை முன்வரிசை நடுவில், சொத்தைக் கொட்டைக்கு நேர் எதிரே. மறுபடி நகர்த்தினார்கள். சொத்தைக் கொட்டை முன்னால் வந்த ஆறு முறையில் ஐந்து முறை புழுக்கையும் முன்னால் இருந்தது.

"மொத செட்டுக்கு இது போதும்" என்றான். "ரெண்டாவது செட்டுக்குப் புதுச் சீட்டு எழுதலாம். ஒங்கண்ணன் எடம் மாறிருவாரே."

முத்துத்தாய் யோசிக்கவேயில்லை. "மாறுவாரு. நேர் எதிர்ப்பக்கம் போவாரு. சின்ன வயசுல கை பொத்தி வெளையாடும்போது வலது கையில ஏமாந்தா அடுத்த தடவ இடது கையத்தான் தொடுவாரு. நான் அதுக்குள்ள வலது கைக்கு மாத்தியிருப்பேன். ஒரு தடவகூட அவரு செயிச்சதில்ல."

சங்கரலிங்கம் சொத்தைக் கொட்டையை எடுத்துப் பின்வரிசை நடுவில் வைத்தான். அதற்கு நேராகப் புழுக்கையை எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்தான். பின்வரிசை நடு. பழைய இடம். திருநீறு வாங்கும் அதே வரிசை. அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து, மூலையில் விளையாடிக்கொண்டிருந்த மகள் பயந்து அழுதாள்.

ராஜகுருவிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. களத்தில் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னதும் அவன் துண்டை உதறினான்.

"ஏலே சங்கரலிங்கம், என்ன பேச்சுப் பேசுற? கண்டக்டரு மொத சர்வீஸ் போட, நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? எங்க வீடு முன்னால நிக்காம இந்த ஊர்ல எது நடந்திருக்கு?"

"பஸ்ஸுல நான் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாத்தான ஒங்க வீட்டு ஆளே போக முடியுது?" என்றான் சுப்புராஜ்.

"நீ சும்மா இருடா" என்று சங்கரலிங்கம் அவனை அடக்கினான். "ஏலே ராஜகுரு, ஒண்ணு கேக்குறேன். போன வருஷம் காளிராஜ் மச்சான் எதை நம்பி எடம் மாறி நின்னாரு?"

"எதை?"

"ஒன் வீட்டு மரியாதைய. நீ எப்பவும் மொத ஆளாத்தான் நிப்ப, வெளியூர்க்காரன் எப்பவும் கடைசியாத்தான் நிப்பான்னு அவருக்குத் தெரியும். அதை வச்சுத்தான் நம்மளை அடிச்சாரு. இந்த வருஷமும் அதை நம்பித்தான் வாராரு."

ராஜகுருவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"எங்க வீட்டுப் பரிவட்டத்த வச்சே என் கன்னத்துல அடிச்சானாலே?"

"ஆமா."

"எங்க வீட்டு வாசல்ல சோறு தின்னவன்டா அவன்!" ராஜகுரு துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினான். "நான் எங்கனயும் நிக்கிறேன். வலைக்கம்பா நிக்கச் சொல்லு, நிக்கிறேன்."

"மொத செட்டுக்குத்தான். ரெண்டாவது செட்டுல மொத சர்வீஸ் ஒன்னோடதுதான். அது முக்கியம். அவரு எதிர்பாக்காத நேரத்துல ஒன் மரியாத திரும்பி வரும்."

அதன் பிறகு இருபது நாள், களத்தில் பழைய வரிசையிலேயே ஆடினார்கள். யார் எட்டிப் பார்த்தாலும் ராஜகுரு முதல் சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தான். காளிராஜின் பழைய கூட்டாளிகள் ஊரில் இருந்தார்கள். அவர்கள் போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் அப்படி ஆடினார்கள். புதிய வரிசையைப் புளியங்கொட்டையை வைத்தே மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

எழுபதாம் வருஷத்துச் சித்திரை. அதே திருச்சுழி பொட்டல், அதே மைக். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு தலைவர்களும் சீட்டைக் கொடுத்தார்கள். நடுவர் விசிலை ஊதி, அவரவர் இடத்தில் நிற்கச் சொன்னார்.

காளிராஜ் தன் பக்கத்தில் முன்வரிசை நடுவில் வந்து நின்றான். கையைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தான். வலைக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், அருஞ்சுனை நின்றுகொண்டிருந்தான்.

காளிராஜ் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். சர்வீஸ் மூலையில் காக்கி டவுசரோடு கண்டக்டர். நடுவரைத் திரும்பிப் பார்த்தான். சீட்டு கொடுத்தாயிற்று, இந்தச் செட்டு முடியும்வரை மாற்ற முடியாது.

"என்ன மாப்ள, கோயில் வழக்கம் மாறிப்போச்சா?" என்றான். குரலில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

"ஆறாவது ஆளுக்கு இன்னைக்குத் திருநீறு மொதல்ல" என்றான் சங்கரலிங்கம்.

காளிராஜின் முதல் அடி, உடைமரக் கொப்பைப் பிடித்துப் பழகிய இரண்டு கைகளில் பட்டு அவன் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அவன் பயந்து மெதுவாகத் தட்டினான். அதைச் சுப்புராஜ் முழங்காலை மடக்கி எடுத்தான். முன்வரிசையில் இருப்பவன் பக்கவாட்டில் நகர்ந்து தடுக்கலாம். அதனால் காளிராஜ் வலையின் எந்த மூலைக்குப் போனாலும் அருஞ்சுனை கூடவே போனான், வழி தவறப் பார்க்கும் கிடாய்க்குக் குறுக்கே போவதுபோல. காளிராஜ் முன்னால் வந்ததில் ஒரே ஒரு முறைதான் எதிரே ஆள் இல்லாமல் இருந்தது. பதினைந்துக்கு ஒன்பது.

இரண்டாவது செட்டுக்குச் சீட்டு எழுதும்போது காசிராஜன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து காளிராஜின் காதில் ஏதோ கத்தினார். காளிராஜ் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினான். சங்கரலிங்கம் அவன் கையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை.

விசில் ஊதியது. காளிராஜ் பின்வரிசை நடுவுக்குப் போனான். நின்று, வலைக்கு இந்தப் பக்கம் பார்த்தான். சர்வீஸ் மூலையில் தலையில் துண்டோடு ராஜகுரு. பின்வரிசை நடுவில் அருஞ்சுனை.

இனி இருவரும் சேர்ந்துதான் முன்னால் வருவார்கள். காளிராஜுக்கு அது புரிந்த நொடியைச் சங்கரலிங்கம் கண்ணாரப் பார்த்தான். இரண்டு வருஷமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது அந்த நொடியைத்தான், கோப்பையைக்கூட இல்லை.

பதினைந்துக்கு ஆறு.

ஆட்டம் முடிந்ததும் சங்கரலிங்கம் நேராக மைக்குக்குப் போனான். வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

"மில்லுக்காரவுகளுக்கு ஆள் பத்தலைன்னு தெரியுது. பரவாயில்ல. எங்க கிடையில மூணு கெடா சும்மாதான் நிக்குது. வேணும்னா இரவலாத் தர்றோம்!"

பொட்டல் அதிர்ந்தது. காசிராஜன் காரில் ஏறியபோது கூட்டத்திலிருந்து ஆட்டுக் கத்தல் கேட்டது. மனிதர்கள் கத்தியதுதான்.

அடுத்த மாதமே மில் அணி கலைந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போகும் வேலை இல்லாமல் போனது. காளிராஜைப் பருத்திப் பொதி அமுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். சங்கரலிங்கம் அதற்காக வருத்தப்படவில்லை. கேள்விப்பட்ட அன்று ஒரு வாய் சோறு கூடுதலாகவே சாப்பிட்டான்.

வைகாசியில் காதுகுத்து. முத்துத்தாய் வெற்றிலை பாக்கோடு தானே போய் அண்ணனை அழைத்துவிட்டு வந்தாள். வராவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொன்னாளா தெரியாது. காளிராஜ் விடிந்ததும் வந்துவிட்டான். கையில் பொதிக் கயிறு அறுத்த தழும்பு. அய்யனார் கோயில் வாசலில் முக்காலியில் உட்கார்ந்தான். மூன்று வயதுப் பிள்ளை கனமாகவே இருந்தாள்; அவன் மடியில் உதைத்துக்கொண்டு அழுதாள். ஊர் முழுக்கச் சுற்றி நின்று பார்த்தது. அருஞ்சுனையும் கிடையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் நின்றான்.

பத்தர் ஊசியை எடுத்தார். காளிராஜ் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு, நிமிராமல், தாழ்ந்த குரலில் கேட்டான்:

"ரெண்டு செட்டுலயும் அவனை எப்படி மாப்ள என் நேரா நிறுத்துன? நான் ரெண்டு தடவையும் கணக்குப் போட்டுத்தான நின்னேன்."

ஒரு காது முடியும்வரை சங்கரலிங்கம் அவனைக் காக்கவைத்தான். பிள்ளை வீறிட்டு, அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கினாள். பிறகு சொன்னான்:

"நீங்க ஒரு எடம் நகந்தா நாங்களும் ஒரு எடம் நகருவோம், மச்சான். அதுனால மொதல்ல நிக்கிற தூரம் கடைசி வரைக்கும் மாறாது. மொத செட்டுல நீங்க எங்களை வழக்கமான வரிசையில எதிர்பாத்தீக; மூணு எடம் சுத்தி நின்னோம். ரெண்டாவதுல சுத்தி நிப்போம்னு எதிர்பாத்தீக; வழக்கமான வரிசையிலயே நின்னோம். அம்புட்டுத்தான்."